பம்ப் நன்றாகத்தான் இருந்தது, எர்த்தில்தான் கோளாறு

ஸ்டார்ட் ஆகிச் சில நொடிகளில் நின்றுபோகும் கார் இப்போது நிற்காமல் ஓடுகிறது! டேங்க்கை இறக்கவில்லை, பெட்ரோல் பம்ப்பையும் மாற்றவில்லை. பம்ப்பின் கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் இணைப்பைத்தான் சரிசெய்தேன்.

சாவியைத் திருப்பியதும் பட்டென்று பிடிக்கும், சீராக ஓடும், அப்புறம் திணறி நிற்கும். இம்மொபிலைசர் (சாவி சரியில்லை என்றால் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) விளக்கு ஒழுங்காக அணைந்ததால் அந்தச் சந்தேகம் போய்விட்டது. இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டிலில், பெட்ரோல் மாதிரி எரியும் கார்ப் கிளீனரை விட்டு விட்டு அடித்தால் ஓடிக்கொண்டே இருந்தது. ஆக, ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை.

இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்டினேன். சாவி போட்டதும் பம்ப் 2 நொடி ஓடி 3 பார் ஏற்றியது. ஸ்டார்ட் செய்ததும் முள் சரியத் தொடங்கி, 1 பாருக்குக் கீழே போனபோது இன்ஜின் நின்றது. இதைப் பார்த்தால் யாருமே ‘பம்ப் போச்சு’ என்றுதான் சொல்வார்கள். பம்ப்புக்கு முழு வோல்டேஜ் போகிறதா என்று பார்க்காமல் அப்படிச் சொல்லவே கூடாது என்பது என் கட்சி.

அதை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட் காட்டும். கரண்டே ஓடாத வயரில் ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டருக்கு அது போதும். ரெசிஸ்டன்ஸை ஓமில் பார்த்தாலும் 0.3தான், மீட்டர் வயர்களுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். ஆனால் பம்ப் 6 ஆம்பியர் இழுக்கும்போது அந்த 0.3 ஓம் கிட்டத்தட்ட 2 வோல்ட்டை விழுங்கிவிடும்.

அதனால் பம்ப் ஓடும்போதே அளக்க வேண்டும். பம்ப் நிற்காமல் ஓட, அதற்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் 30, 87 என்ற இரண்டு முனைகளையும் 15 ஆம்பியர் ஃப்யூஸ் கோத்த வயரால் இணைத்தேன். கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாக ஊசி செருகி அளந்தேன். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பம்ப் பிளஸ் வரை வோல்ட் இழப்பு (டிராப்) 0.2தான், அந்தப் பக்கம் குறையில்லை. பம்ப் எர்த்திலிருந்து பேட்டரி மைனஸ் வரை முதலில் 1.9. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 3, 4 என்று ஏறி 7-ஐத் தொட்டது. பம்ப் சத்தமும் கூடவே தேய்ந்துகொண்டே போனது. ஜாயின்ட் சூடாகச் சூடாக ரெசிஸ்டன்ஸ் ஏறுகிறது. முதல் 2 நொடி பிரஷர் சரியாக ஏறியதும், ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆனதும் இதனால்தான்.

பின்சீட்டுக்கு அடியில் பாடியோடு போல்ட் போட்டிருந்த வளைய டெர்மினல்தான் இடம். வயரின் உறை பழுப்பேறி இளகியிருந்தது. உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, புது டெர்மினலை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப்), பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி முறுக்கினேன். இப்போது 0.08 வோல்ட், ஐடிலில் 3 பார் அசையாமல் நிற்கிறது.

டெர்மினல் விஷயத்தில் ஒன்று. கலவையாகப் பெட்டியில் வருபவை தகடு மெலிசு, அழுத்தியதும் வாய் பிளக்கின்றன. வயர் அளவுக்கேற்ப விற்கும் வெள்ளீயம் பூசிய செம்பு டெர்மினலைத்தான் வாங்க வேண்டும். கூடவே ராட்செட் கிரிம்பர். அது வந்த பிறகு சாதா பிளையரைத் தொட மனசே வரவில்லை.

அடுத்து ஆல்டர்னேட்டர் எர்த்தையும் ரிலே சாக்கெட்டையும் இதே முறையில் அளக்கப் போகிறேன். வேக்குவம் லீக் (இன்ஜினுக்குள் ஓட்டை வழியாகக் காற்று நுழைவது) பார்க்க, புகை விட்டு ஓட்டையைக் காட்டும் ஒரு ஸ்மோக் மெஷின் செய்யவும் பாகங்கள் சேர்த்துவருகிறேன். பின்சீட்டை இன்னும் மாட்டவில்லை. நீண்ட ஓட்டம் ஓட்டி, நன்றாகச் சூடான பிறகும் எர்த் டிராப் 0.1-க்குள் நின்றால்தான் மாட்டுவேன்.