உனக்கு எப்படிப் படுகிறதோ

"கிழக்கே நட்சத்திரங்கள் மறைந்துவிட்டன. பாயைச் சுருக்கிவிடலாமா?"

"உனக்கு எப்படிப் படுகிறதோ, அப்படிச் செய்."

இவ்வளவுதான் பேசினோம். நடுக்கடலில் ஒரு பாய்மரப் படகு, இரவு 1 மணி, காவல் மாறும் நேரம். கேள்வி அவனுடையது, பதில் என்னுடையது. சொல்லிவிட்டு நான் கீழே இறங்கிப் படுத்துக்கொண்டேன். ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து அவனுடைய காறை எலும்பு முறிந்தது.

படகு எங்களுடையதல்ல. கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியாவுக்கு, சுமார் 2,700 கடல் மைல், ஒரு 40 அடிப் பாய்மரப் படகைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. சொந்தக்காரர் விமானத்தில் வருவார், படகு எங்களோடு வரும். ஒப்பந்தத்தில் கேப்டன் என்று என் பெயர் இருந்தது. கடல் அனுபவத்தில் அவன் எனக்கு இரண்டு வருடம் மூத்தவன். அந்த முறை கடிதப் போக்குவரத்தை நான் பார்த்ததால் என் பெயர் மேலே போனது, அவ்வளவுதான். கேப்டன் யார் என்பதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. நண்பர்களுக்குள் அது எதற்கு என்று இருந்துவிட்டோம்.

முதல் பத்து நாட்களில் நடந்தவற்றை யார் கேட்டாலும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வேன். குடிநீர் பம்ப் மூன்றாம் நாளே உயிரை விட்டது, கால்பம்பில் மிதித்து மிதித்துத் தண்ணீர் எடுத்தோம். ராத்திரிக் காவலில் இருந்தவன் முகத்தில் பறவைமீன் வந்து அறைந்தது. சர்காசோப் பாசி சுக்கானில் சுற்றிக்கொள்ள, அதை உதறிவிடப் படகைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தோம். கேனரியிலிருந்து புறப்படுகிறவர்களுக்குப் பழைய மாலுமிகள் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: வெண்ணெய் உருகும் வரை தெற்கே போ, பிறகு மேற்கே திரும்பு. எங்கள் வெண்ணெய் உருகி டப்பாவை விட்டு வெளியேறி, வரைபட மேசையின் இழுப்பறைக்குள் போய்த் தங்கிவிட்டது. இதையெல்லாம் விரிவாகச் சொல்வேன். பதினோராம் நாள் வந்ததும் கதையை வேகமாக ஓட்டிவிடுவேன்.

அவன் ஏன் கேட்டான் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். காவல் அவனுடையது. பாயைச் சுருக்க அவனுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் இரண்டு நாள் முன்பு, இதே போன்ற ஒரு மேகத்தைப் பார்த்து அவன் பாயைச் சுருக்கினான். மேகம் நாலு தூறல் போட்டுவிட்டுப் போய்விட்டது. காலையில் பதிவேட்டைப் பார்த்து நான், "பதினைந்து மைல் போயிற்று" என்றேன். திட்டவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்ததை வாய்விட்டுச் சொன்னேன், அவ்வளவே. அவன் பதில் பேசவில்லை. அந்தப் பதினைந்து மைல்தான் அன்றிரவு அவனைக் கேட்க வைத்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை. அப்போது எனக்குத் தூக்கம் தவிர வேறு நினைப்பே இல்லை.

காற்று பின்னாலிருந்து தள்ளும்போது அதன் உண்மையான வேகம் உடம்புக்குத் தெரியாது. 22 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வியாபாரக் காற்று வீச, படகு அதே திசையில் 7 நாட் வேகத்தில் ஓடினால், மேல்தளத்தில் இருப்பவனுக்கு 15 நாட் காற்றாகத்தான் படும். இதமாக இருக்கும். பாய் மீது விழும் விசையோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஆகவே பாயைச் சுருக்கும் எண்ணம் முதல்முறை தலைகாட்டும்போதே சுருக்கிவிட வேண்டும் என்பது பாய்மரத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். இதை நானே புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றிரவு அந்த எண்ணம் அவனுக்குத் தலைகாட்டியது, அதைக் கேள்வியாகவும் கேட்டுவிட்டான். "சரி, வா, இரண்டு பேருமாக முடித்துவிடுவோம்" என்று நான் சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை.

நான் சொன்னது அவன்மீது வைத்த மரியாதை என்றுதான் முதல் சில மாதங்கள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைவிட அனுபவசாலி, அவன் காவல், அவன் முடிவு. கேப்டன் என்ற பெயரை வைத்துக்கொண்டு நண்பனுக்கு உத்தரவு போடவில்லை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குரல் என்று ஒன்று இருக்கிறதே. ஏணியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன். "உனக்கு எப்படிப் படுகிறதோ" என்பதை முகம் பார்த்துச் சொன்னால் ஒரு பொருள், முதுகைக் காட்டிச் சொன்னால் வேறு பொருள். இரண்டாவதற்கு, "என்னைத் தொந்தரவு செய்யாதே" என்று அர்த்தம்.

இதுவரை சொன்னதை அவனிடமும் பேசியிருக்கிறேன். "விடு, முடிவு என்னுடையது" என்று சொல்லிவிட்டான். இனிச் சொல்லப்போவதைச் சொன்னதில்லை.

என் காவலில், நள்ளிரவுக்குச் சற்று முன்பு, தெற்கிலிருந்து ஓர் எண்ணெய்க் கப்பல் எங்கள் பாதையைக் குறுக்கே கடக்க வந்தது. பாயில் ஓடும் படகுக்கு அது வழிவிட வேண்டும். வழிபெறும் படகுக்கும் ஒரு கடமை உண்டு. 1972-ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகளில் 17-ஆவது விதிப்படி, அது தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். அதுவரை எங்கள் ஆட்டோபைலட், அதாவது தானே சுக்கான் பிடிக்கும் கருவி, காற்றைப் பின்பற்றும்படி வைக்கப்பட்டிருந்தது. காற்று சற்றே திரும்பினால் படகும் கூடவே திரும்பும். எதிரில் வருகிறவனுக்கு நாங்கள் தள்ளாடுவது போலத் தெரியக் கூடாது என்று, அதைத் திசைகாட்டியைப் பின்பற்றும்படி மாற்றினேன். 265 டிகிரி. கப்பல் எங்களுக்குப் பின்னால் ஒழுங்காகக் கடந்து போனது. விதிப்படி நடந்துகொண்ட திருப்தியில் ஒரு கோப்பை காபி குடித்தேன். ஆட்டோபைலட்டைத் திரும்ப மாற்றவில்லை. 1 மணிக்கு அவனிடம் சொல்லவும் இல்லை.

2:40-க்கு அந்த மேகம் வந்து சேர்ந்தது. மழைமேகத்தோடு வரும் காற்றுக்கு வேகம் மட்டும் கூடுவதில்லை, திசையும் மாறும். காற்றைப் பின்பற்றும் படகாக இருந்திருந்தால் தானும் திரும்பிக் கொடுத்திருக்கும். எங்கள் படகு 265-ஐ விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு நின்றது. காற்று பாயின் மறுபக்கத்துக்குப் போனது. பாயின் அடியைத் தாங்கும் பூம் கழி புரண்டுவிடாமல் முன்னால் இழுத்துக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. உரசி உரசித் தேய்ந்திருந்த கயிறு, அதை இருவருமே பார்த்திருக்க வேண்டும். பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசியடித்தது. கழி அவன் தலைக்கு மேலே போய்விட்டது. அதன் கயிறுகள் அவனைத் தூக்கி, கயிறு சுற்றி இழுக்கும் இரும்பு உருளையான வின்ச் மேல் எறிந்தன. பாதுகாப்பு வாரை மாட்டியிருந்ததால் படகுக்குள்ளேயே விழுந்தான்.

அந்த நேரத்தில் அவன் ஏன் எழுந்து நின்றான் என்பது மறுநாள்தான் தெரிந்தது. பாயைச் சுருக்கப் போயிருக்கிறான், தனியாக. என்னை எழுப்ப வேண்டாம் என்று.

நான் மேலே ஓடிவந்தபோது முதலில் பார்த்தது அவனையல்ல, ஆட்டோபைலட்டின் திரையை. ஏன் அதைப் பார்த்தேன் என்று கேட்டால், சுக்கானைக் கையில் எடுக்க அதை நிறுத்த வேண்டியிருந்தது என்பேன். உண்மைதான். ஆனால் பார்த்த கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பதும் உண்மை.

ஹெலிகாப்டர் எட்டாத தூரம். செயற்கைக்கோள் தொலைபேசியில் ரோமின் சர்வதேச வானொலி மருத்துவ மையத்தைப் பிடித்தேன். 1935 முதல் கடலில் இருப்பவர்களுக்கு மருத்துவ யோசனை சொல்லிவரும் இடம். மருத்துவர் பொறுமையாகக் கேட்டார்: மூச்சு சீராக இருக்கிறதா, விரல்களில் உணர்வு இருக்கிறதா, தோல் கிழிந்திருக்கிறதா. கையைத் தூக்கில் கட்டச் சொன்னார். எப்படி அடிபட்டது என்றும் கேட்டார். "எதிர்பாராத காற்று" என்றேன். அப்போது நீட்டிப் பேச நேரமில்லை. மருத்துவருக்கு ஆட்டோபைலட்டைப் பற்றி என்ன கவலை? ஆனால் அந்த இரண்டு வார்த்தைகள் அப்படியே பதிவேட்டுக்குப் போயின, அங்கிருந்து சொந்தக்காரருக்கு எழுதிய அறிக்கைக்குப் போயின. ஒரு மணி நாற்பது நிமிடம் முன்பே எதிர்பார்க்கப்பட்ட காற்று அது.

மீதி 1,150 மைலை முன்பாயை மட்டும் விரித்து ஒன்பது நாளில் கடந்தோம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும்படி வைத்துக்கொண்டு தூங்கினேன். அடிவானத்தில் தோன்றும் பெரிய கப்பல் நம்மை எட்ட ஏறக்குறைய அவ்வளவு நேரமாகும். பகல் காவலை ஒற்றைக் கையோடு அவன் பார்த்துக்கொண்டான். அந்த ஒன்பது நாளில் சொல்லியிருக்கலாம். வலியில் இருப்பவனிடம் எதற்கு என்று தள்ளிப்போட்டேன். கரையேறிய பிறகு, குணமாகட்டும் என்று தள்ளிப்போட்டேன். குணமான பிறகு, மறந்திருப்பான் என்று.

மாற்றியதைச் சொல்லியிருந்தாலும் அவனுக்கு அடிபட்டிருக்கலாம். கயிறு எப்படியும் தேய்ந்திருந்தது. எந்த முறையில் ஓடுகிறது என்பது திரையின் மூலையில் எழுத்தில் தெரியும், காவல் ஏற்பவன் அதைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. இந்த வாதங்களில் ஒன்றுகூடத் தவறில்லை. பிறகு சென்ற பயணங்களில் காவல் மாறும்போது படிக்க என்று எட்டு வரி எழுதி ஒட்டிவைத்தேன். இரண்டு வாரம் எல்லோரும் படிப்போம். மூன்றாம் வாரம் "எல்லாம் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவேன்.

யாராவது விபத்தைப் பற்றிக் கேட்டால் அவன் இன்றும், "தப்பு என்னுடையது, நேரத்தில் பாயைச் சுருக்கவில்லை" என்கிறான். நான் பக்கத்தில் இருந்தால் தலையாட்டுவதில்லை, மறுப்பதும் இல்லை.

பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மணிக்கு ஒருமுறை திசை எழுதும் பத்தி இருக்கிறது. மாலையிலிருந்து 258, 271, 262, 269 என்று அலைகிறது, காற்றைப் பின்பற்றும் படகு அப்படித்தான் அலையும். நள்ளிரவிலிருந்து 265, 265, 265. கடைசி 265 அவன் கையெழுத்து. செயின்ட் லூசியாவில் பதிவேட்டை ஒப்படைக்கும் முன் அவன் கையொப்பமும் தேவைப்பட்டது. அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எதையும் வரி விடாமல் படிக்கிறவன் அவன். பிறகு பேனாவை வாங்கி, வலது கை தூக்கில் கிடந்ததால், இடது கையால் மெதுவாகக் கையொப்பம் போட்டான்.