வேறு ஆபரேஷனோடு குடல்வாலையும் எடுக்கலாமா?

பித்தப்பைக் கல்லுக்கோ கர்ப்பப்பைக் கட்டிக்கோ லேப்ராஸ்கோபி என்றதும் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளில் யாராவது ஒரு பெரியம்மா சொல்வார்: "கேமராவைத்தான் உள்ளே விடுறாங்களே, குடல்வாலையும் (அப்பெண்டிக்ஸ்) சேர்த்து எடுத்துடச் சொல்லேன்." கேட்பதில் தப்பில்லை. பதில்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

வாழ்நாளில் நூற்றில் ஏழெட்டுப் பேருக்குக் குடல்வால் அழற்சி வருகிறது. அதிகமும் 10 முதல் 30 வயதுக்குள். ஐம்பதைத் தாண்டியவருக்கு முன்கூட்டி எடுப்பதில் லாபம் சொற்பம். இளம்பெண், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய்), வலது அடிவயிற்றில் ஓயாத வலி என்றால் கதை வேறு. எடுத்துவிட்டால், அடுத்த முறை வலிக்கும்போது 'குடல்வாலோ' என்ற குழப்பமாவது மிஞ்சாது.

"அதே ஓட்டை வழியாகத்தானே" என்பது பாதி உண்மை. கர்ப்பப்பை ஆபரேஷனில் தலை தாழ்த்திப் படுக்க வைத்திருப்பார்கள். குடல்வால் பக்கத்திலேயே இருக்கும். பித்தப்பைக்குத் தலை உயர்த்தியிருக்கும், துளைகளும் மேல்வயிற்றில். மேஜையைச் சாய்த்து, சிலருக்கு இன்னொரு 5 மி.மீ. துளையும் போட வேண்டிவரும்.

பெருங்குடலின் மூன்று தசைப்பட்டைகள் கூடுமிடமே குடல்வாலின் வேர். முதலில் அதைத் தாங்கும் மடிப்பிலுள்ள ரத்தக்குழாயைச் சுட்டு அடைத்து வெட்டுவார்கள். வேரில் இரண்டு சுருக்குக் கண்ணி, சற்றுத் தள்ளி ஒன்று, நடுவில் வெட்டு. துண்டைப் பையிலிட்டுத்தான் வெளியே எடுப்பது; வயிற்றுச்சுவரில் உரசினால் துளையில் சீழ் பிடிக்கும். மீந்த அடிக்கட்டை 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நீளமாக விட்டால் அந்த மிச்சமே பின்னாளில் வீங்கும். வேரருகே சூடு அதிகமானால் குடல்சுவர் வெந்து, சில நாள் கழித்து ஓட்டையாகும்.

குடலைத் திறந்ததும் சுத்தமான ஆபரேஷன் கிருமி கலந்ததாகிவிடுகிறது. ஆகவே குடலிறக்கத்துக்கு வலை வைக்கும் நாளில் இந்த ஆசையே கூடாது. குடல்முனையில் கிரோன்ஸ் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி), அடிவயிற்றில் கதிர்வீச்சு, எதிர்ப்புசக்திக் குறைவு, இவர்களுக்கும் வேண்டாம். முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த குழந்தைக்கு அதைத் தொடவே கூடாது என்பேன்: சிறுநீர் வடிக்கும் பாதை அமைக்க அந்தக் குழாய் பிற்பாடு தேவைப்படலாம்.

தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டப்படி, முடிந்தவரை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். ஒப்புதல் படிவத்தில் குடல்வால் தனி வரியாக இருக்கிறதா பாருங்கள். இதற்கும் பணம் தருமா என்று மெடிக்கல் எய்டையும் (மருத்துவக் காப்பீடு) முன்பே கேட்டுவிடுங்கள்.

வீடு திரும்பும்போது ஆபரேஷன் குறிப்பின் நகலும் திசுப் பரிசோதனை முடிவும் கையில் இருக்கட்டும். சில வேளை நுனியில் சிறு கட்டி தென்படும், ஒரு செ.மீ.க்குக் குறைவானால் பெரும்பாலும் எடுத்ததே போதும். தழும்பை வைத்துக் குடல்வால் இருக்கிறதா என்று பின்னாளில் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.