எங்கே தெரிந்துகொண்டாய்?

கடலூரில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால் உடனே விடை வருகிறது. அந்த வேலையைப் பற்றி எங்கே தெரிந்துகொண்டாய் என்று கேட்டால்தான் வகுப்பு யோசிக்கத் தொடங்குகிறது. யூடியூப் என்பார்கள், இல்லையென்றால் மாமா சொன்னார் என்பார்கள்.

புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படிக்க விரும்பும் மாணவி ஒருத்தி, அங்கு இளநிலை மருத்துவத்துக்குத் தனி நுழைவுத்தேர்வு உண்டு என்று காணொளி ஒன்றிலிருந்து எழுதி வந்திருந்தாள். 2019 வரை அது சரிதான். 2020 முதல் அங்கும் நீட் மதிப்பெண்ணே கணக்கு. காணொளியின் தேதியைப் பார்க்கச் சொன்னதுமே அந்த வரியை அடித்துவிட்டு, ஜிப்மரின் சொந்த இணையதளத்தைத் தேடினாள்.

தேவனாம்பட்டினத்துப் பையன்களுக்குக் கப்பல் வேலைமீதுதான் கண். "நூறு சதவீதம் வேலை உறுதி" என்ற துண்டறிக்கையை ஒருவன் கொண்டுவந்தபோது, இதை அச்சிட்டவருக்கு என்ன ஆதாயம் என்று முதலில் கேட்டேன். பிறகு, கப்பல் பயிற்சி நிறுவனங்களுக்கு ஒப்புதல் தருவது மத்திய அரசின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் என்பதையும், ஒப்புதல் பெற்றவற்றின் பட்டியல் அதன் தளத்திலேயே இருப்பதையும் காட்டி, துண்டறிக்கையில் இருந்த பெயரை அங்கே தேடச் செய்தேன். அந்தப் பெயர் பட்டியலில் இல்லை.

அரசுத் தளமே போதும் என்றும் நான் சொல்வதில்லை. கல்வித் தகுதி, வயது வரம்பு, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்கு அதுவே ஆதாரம். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பது எப்படி என்பதைக் கப்பலில் போய்வந்தவர்தான் சொல்ல முடியும். ஆகவே மாமாவும் ஓர் ஆதாரம்தான், அவர் அந்த வேலையைச் செய்தவராக இருந்தால்.