படபடப்பு: சுங்கை சிப்புட் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

அக்காவுக்கு விடியற்காலை மூன்றரைக்கு மறுபடியும் படபடப்பு. "தம்பி, நின்னு நின்னு அடிக்குதுடா." மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன். 84. நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போகிறது, அடுத்தது ஓங்கி விழுகிறது. முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குவது சீரான நாடிக்குத்தான் சரிப்படும். சீர் தப்பினால் முழு நிமிடமும் எண்ண வேண்டும்.

விட்டுப்போகிறது என்று தோன்றும் இடத்தில் உண்மையில் ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிடுகிறது. அதற்குள் இதயம் ரத்தத்தால் நிரம்பியிருக்காது. அதனால் அந்தத் துடிப்புக்கு மணிக்கட்டு வரை எட்டும் பலம் இல்லை. பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் ரத்தம் கூடுதலாகச் சேர்ந்துவிடும். அடுத்த துடிப்பு அதையெல்லாம் ஒரேயடியாகத் தள்ளும்போதுதான் நெஞ்சில் அந்தக் குத்து. எக்டோபிக் என்பார்கள். இதய நோய் எதுவும் இல்லாதவர்களிலும் பெரும்பாலோருக்கு ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்தால் சிலவாவது கிடைக்கும்.

இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும். ஒவ்வொரு அடியும் காது வரை கேட்கும். வலப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னேன். நாலரைக்குத் தூங்கினாள்.

மார்ச் 4, செவ்வாய்

ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவி மாட்ட, ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் தேதி வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. படபடப்பு என்று வருகிறவர்களுக்கு ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்எச், பொட்டாசியம், சர்க்கரை நான்கையும் பார்த்துவிட வேண்டும். டிஎஸ்எச் அடிமட்டத்துக்குப் போயிருந்தால் தைராய்டு அளவுக்கு மேல் சுரக்கிறது என்று அர்த்தம். கை நடுங்கும், உடம்பு இளைக்கும், வெயில் தாங்காது. பொட்டாசியம் 3.5க்குக் கீழே இறங்கினாலும் இதயம் தடுமாறும். பிரஷருக்காக நீர் போகும் மாத்திரை எடுப்பவர்களுக்கும், வயிற்றுப்போக்கில் விழுந்து எழுந்தவர்களுக்கும் அது குறையும்.

அக்காவுக்கு மற்றதெல்லாம் சரி. ஹீமோகுளோபின் மட்டும் 9.8. பெண்களுக்கு 12க்குக் கீழே என்றாலே ரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமக்க ஆள் குறைந்தால், இருக்கிற ரத்தத்தையே இதயம் வேகவேகமாகச் சுற்றி அனுப்புகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குவதும் நெஞ்சு அடித்துக்கொள்வதும் அதனால்தான். ஐம்பதைத் தாண்டிய வயது, மாதவிடாய் நிற்கப் போகும் நேரம். ரத்தப்போக்கு அதிகமா என்று யாராவது கேட்டால்தான் வாயைத் திறப்பாள். என்னிடம் சொல்லவில்லை, கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியிடம் சொல்லியிருக்கிறாள். ரத்தம் போகிற காரணத்தைப் பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குவது இங்கே வீட்டுக்கு வீடு நடக்கிறது. தேத்தண்ணியில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் ஏறவிடாது. வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரோடு போட வேண்டும். தேத்தண்ணி குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து. வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், விட்டுவிடக் கூடாது. மலம் கறுப்பாகப் போகும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பில் சேமிப்பு நிரம்பும்.

மார்ச் 7, வெள்ளி

ராத்திரி வந்தது வேறு மாதிரி. நாடி சீர், ஆனால் 128. வாயைச் சுற்றி மரத்துப்போய், கைவிரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டன. "பக்கவாதமாடா?" என்று கேட்டாள். பயம் ஏறும்போது மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடும். ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடும். மரத்துப்போவது, விரல் மடங்குவது, தலை லேசாகச் சுற்றுவது எல்லாம் அதன் விளைவு. இரண்டு கையிலும் ஒரே மாதிரி, வாயைச் சுற்றியும் இருந்தது. முகம் கோணவில்லை, பேச்சு குழறவில்லை. ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தால் அங்கே உட்கார்ந்து மூச்சு எண்ணிக்கொண்டிருக்க மாட்டோம்.

மூக்கால் நாலு எண்ணும் வரை உள்ளே, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. கை வயிற்றின் மேல் இருக்க வேண்டும், வயிறு எழும்ப வேண்டும், தோள் எழும்பக் கூடாது. "ஆழமா இழு, ஆழமா இழு" என்று பக்கத்தில் நின்று கத்துகிறவர்களை வெளியே அனுப்ப வேண்டும். அவளுக்குக் காற்று ஏற்கெனவே அதிகம். விடுகிற மூச்சு நீண்டால்தான் இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பு வேலை செய்யும். காகிதப் பையை மூக்கில் வைப்பது பழைய வழக்கம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து.

பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணிக்குள் மெல்ல இறங்கியது. 128, 110, 96. இறங்கிய விதத்தை எழுதி வைத்தேன். மூச்சுப் பயிற்சியை நல்ல நேரத்தில், காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம் செய்து பழகினால்தான் கெட்ட நேரத்தில் கைகொடுக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பெரியம்மா கண்ணேறு என்றார். திருஷ்டி கழித்து, கோயிலில் திருநீறு வாங்கி வந்தார்கள். அக்கா முகம் தெளிந்தது. நல்லதுதான். இசிஜி எடுத்த பிறகு கோயிலுக்குப் போகிறவர்களை நான் தடுத்ததே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

செம்பனைக்குலை அறுக்கும் தம்பி வாசலில் வந்து நின்றான். "டிரஸ்ஸர் அண்ணே, சுவிட்சு போட்ட கணக்கா தொடங்குது, அப்படியே நின்னுடுது." டிரஸ்ஸர் என்றால் மருத்துவ உதவியாளர், என்னை அப்படித்தான் கூப்பிடுவான். அவன் சொன்ன இந்த ஒரு வாக்கியம் போதும். பதற்றத்தில் நாடி படிப்படியாக ஏறும், படிப்படியாக இறங்கும். பெரும்பாலும் 150ஐத் தாண்டாது. எஸ்விடி என்னும் திடீர் வேகத்துடிப்பில் ஒரே துடிப்பில் 70இலிருந்து 180க்குத் தாவும், ஒரே துடிப்பில் நிற்கும். இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை இருந்து, மின்சாரம் அதிலேயே சுற்றிச் சுற்றி வருவதால் அப்படி. கழுத்தில் துடிப்பது கண்ணுக்கே தெரியும். நின்றபின் சிறுநீர் நிறையப் போகும். அதையும் சொன்னான்.

அடுத்த முறை வந்தால் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இசிஜி எடுக்க வேண்டும். நின்ற பிறகு எடுத்தால் தாளில் ஒன்றும் இருக்காது. சாதாரண இசிஜி பதிவது பத்து விநாடிதான். நோன்பு மாதத்திலும் அவசரப் பிரிவு திறந்திருக்கும், மோட்டார் சைக்கிளை நீ ஓட்டாதே என்று சொல்லி அனுப்பினேன்.

எஸ்விடி என்று உறுதியானவர்களுக்கு ஒரு முறை உண்டு. சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி ஊசிக்குழாயின் முனையில் வாய் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். உடனே மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு காலையும் 45 பாகை தூக்கி இன்னொரு 15 விநாடி பிடிக்க வேண்டும். 2015இல் இங்கிலாந்தில் செய்த ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு இதயம் பழைய தாளத்துக்குத் திரும்பியது. காலைத் தூக்காமல் ஊதியவர்களில் 17 சதவீதம். மருந்தும் ஊசியும் தேவையில்லை, காலைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். அவ்வளவுதான். கழுத்து ரத்தக்குழாயை அமுக்கிவிடும் வேலையை வீட்டில் யாரும் செய்யக் கூடாது.

எனர்ஜி டிரிங் டின்கள் கூடையில் கிடந்தன. வெயிலில் வேர்வை கொட்ட அறுத்துவிட்டு, தண்ணீருக்குப் பதில் அதைக் குடிக்கிறான்.

மார்ச் 12, புதன்

ஒரு தனியார் கிளினிக்கில் அந்தத் தம்பியின் தாயாருக்குச் சில வருடங்களுக்கு முன்பு இதே அறிகுறிக்கு "மனசுதான், ஒண்ணுமில்ல" என்று தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எஸ்விடி உள்ள பெண்களைப் பதற்ற நோயாளி என்று எழுதி அனுப்புவது உலகம் முழுக்க நடக்கிற அநியாயம். எப்படித் தொடங்கியது, எப்படி நின்றது என்று கேட்க அரை நிமிடம் ஆகுமா?

மார்ச் 13, வியாழன்

அக்காவுக்கு இனி காலை பால் விடாத கோப்பி ஓ ஒன்று, மத்தியானம் பால் தேத்தண்ணியான தே தாரிக் ஒன்று, இரண்டு மணிக்கு மேல் எதுவும் இல்லை. காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் பிடிக்கும். நம் கடைக் கோப்பிக்குப் பெரும்பாலும் ரோபஸ்டா கொட்டை. அராபிகாவைவிட அதில் காஃபின் ஏறக்குறைய இரு மடங்கு. ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், அதையும் இதயத்தோடு முடிச்சுப் போடுவாள். வாரத்துக்கு ஒரு கோப்பை குறைத்தால் போதும்.

மார்ச் 15, சனி

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மருமகன் வாங்கிக் கொடுத்துவிட்டான். காலையிலிருந்து கழற்றவே இல்லை. கல்யாண வீட்டில் வைத்த மருதாணி விரலில் கறுத்துக் கிடக்கிறது, வெளிச்சம் சரியாக ஊடுருவாமல் 91 என்று காட்டியது. மருதாணி இல்லாத விரலில் 98. கை குளிர்ந்திருந்தாலும் தப்பாகக் காட்டும். எண்ணைப் பார்த்தாள், பயந்தாள், நாடி ஏறியது, ஏறியதைப் பார்த்தாள்.

பிரஷர் மெஷினும் அப்படித்தான். எக்டோபிக் விழும்போது அளந்தால் எண் அங்குமிங்கும் ஓடும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கால் தரையில் பட, கை இதய உயரத்தில் இருக்க, ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை.

ஒப்பந்தம்: காலை எழுந்ததும் ஒரு தரம், படுக்கும் முன் ஒரு தரம். நடுவில் பார்க்கத் தோன்றினால் பத்து நிமிடம் தள்ளிப்போட வேண்டும். தள்ளிப்போட்ட பிறகும் தோன்றினால் இன்னொரு பத்து. கருவியை என் அலமாரியில் வைத்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

கிளினிக்கில் பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 தாள் கொடுத்தார்கள். ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. பத்தும் அதற்கு மேலும் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அக்காவுக்கு 15.

டாக்டர் பதற்றத்தைக் குறைக்கும் செர்ட்ராலின் மாத்திரையை 25 மில்லிகிராமில் தொடங்குகிறார், பிறகு 50. முதல் இரண்டு வாரம் குமட்டலும், பதற்றம் கொஞ்சம் கூடுவதும் சகஜம். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் மூன்றாம் நாளே குப்பைக்குப் போகும். பழக்க அடிமையாக்கும் மருந்து அல்ல, ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டில் வாங்கிய, இதயத் துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக் குழாயை இறுக்கிவிடும். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். மூக்கடைப்புக்குப் போடும் சூடோஎஃபெட்ரின் மாத்திரையும் வீட்டில் இருக்கக் கூடாது. அதுவே நாடியை ஏற்றும்.

"பைத்தியத்துக்குக் குடுக்கிற மருந்தாடா?" இல்லைக்கா. பயம் உடம்பில் நடக்கிற நோய். அதற்கு உடம்பில் வேலை செய்கிற மருந்து.

மார்ச் 20, வியாழன்

ஹோல்டருக்குத் தேதி வந்தது. செவ்வாய்.

மார்ச் 22, சனி

மோசமான நாள். மூன்று முறை. எழுத மனமில்லை.

மார்ச் 25, செவ்வாய்

ஹோல்டர் மாட்டியாயிற்று. காலையிலேயே குளித்துவிட்டு, எண்ணெய், பவுடர் எதுவும் பூசாமல் போனோம். மார்பில் ஒட்டும் இடங்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, உலரவிட்டு ஒட்டினார்கள். இந்த வெயிலில் வேர்வை பட்டால் ஒட்டு கிளம்பும், பதிவில் கிறுக்கல்தான் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு ஒட்டின் மேலும் டேப். தாலிக்கொடி ஒட்டின் மேல் உரசினாலும் அதே கிறுக்கல் விழும். கழற்ற மாட்டேன் என்றாள். முதுகுப் பக்கம் திருப்பி, ரவிக்கையோடு சேர்த்துப் பின் குத்தினாள் மிஸ்ஸி. சரியாகிவிட்டது.

24 மணி நேரம் குளியல் இல்லை. மற்றபடி வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்ய வேண்டும். கட்டிலில் படுத்தே கிடந்தால் கட்டிலில் படுத்த இதயம்தான் பதிவாகும். துணி துவைத்தாள், கடைக்கு நடந்தாள், மாடிப்படி ஏறினாள். படபடத்தால் பொத்தானை அமுக்கி, மணி என்ன, என்ன செய்துகொண்டிருந்தாள், எப்படி இருந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். "4.10, சட்னி அரைக்கும்போது, இரண்டு குத்து." இதுதான் வேண்டியது. பொத்தான் அமுக்கிய நேரத்தில் தாளம் சீராக இருந்தால் அதுவும் ஒரு பதில்.

மார்ச் 26, புதன்

கழற்றியாயிற்று. ஒட்டிய இடமெல்லாம் சிவந்து அரிக்கிறது. சொறியாமல் தண்ணீரில் கழுவினால் போதும்.

மார்ச் 28, வெள்ளி

ரிப்போர்ட்டில் என்ன பார்ப்பேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்பு. அதில் எக்டோபிக் சில நூறு என்றால் கவலையில்லை. இதயத்தின் கீழறையிலிருந்து வருவது பத்து சதவீதத்தைத் தாண்டினால், நாளடைவில் இதயத் தசை தளரலாம், எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேடுவேன். தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி, எந்தக் கணக்கிலும் அடங்காத நாடி அது. மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். வயதானவர்களுக்கு நாடி அப்படி ஓடினால் பதற்றம் என்று ஒருநாளும் தள்ளக் கூடாது. விடுமுறையில் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு மறுநாள் அப்படி வந்து நிற்கும் இளைஞர்களும் உண்டு.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். கிளினிக் மூடியிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டேன்: மயங்கி விழுந்தால், நெஞ்சுவலி தாடைக்கோ கைக்கோ பரவினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால், வேகமான துடிப்பு அரை மணி ஆகியும் இறங்காவிட்டால் 999. யோசிக்க வேண்டாம், என்னையும் தேட வேண்டாம். பேச ஆள் மட்டும் வேண்டுமென்றால் மலேசியச் சுகாதார அமைச்சின் 15555.

குத்து வந்ததாம், மூச்சு எண்ணினாளாம், கருவி கேட்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டதென்று ஈப்போவிலிருந்து போன். நோட்டு, மருந்துப் பை, பழைய இசிஜி மூன்றையும் எடுத்து வைத்தேன். மத்தியானம் கிளம்புகிறோம்.