ஆய்வுக்கு அழைப்பு வந்தால்: கொண்டை, கொசுவம், கோப்பி

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சோ சுவீ ஹாக் பொதுச் சுகாதாரப் பள்ளி 2011ல் தனிப் பள்ளியானது. கெண்ட் ரிட்ஜில் இருக்கும் அந்தப் பள்ளியில் கருத்தரங்கு, மாணவர் சேர்க்கை விளக்கக் கூட்டம், ஆய்வறிக்கை வெளியீடு என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை துறைக்குள் இருப்பவர்களுக்கு. நம் வீட்டு அஞ்சல் பெட்டிவரை வரக்கூடியது ஒன்றுதான்: “எங்கள் ஆய்வில் பங்கேற்க வாருங்கள்” என்ற கடிதம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர்க் கண் ஆய்வுக் கழகம் ஆகியவையும் இதேபோல ஆள் சேர்க்கின்றன. அந்தக் கடிதத்தைப் பலர் விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். போடக் கூடாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் ஏறக்குறைய 9 விழுக்காடு. குருட்டாம்போக்கில் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்தால் அதில் நம்மவர்கள் 90 பேர் இருப்பார்கள். அந்தத் தொண்ணூறு பேரில் 15 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று வந்தால், உண்மையான அளவு 8 விழுக்காடாகவும் இருக்கலாம், 22 விழுக்காடாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட எண்ணை வைத்து எந்தத் திட்டமும் தீட்ட முடியாது. அதே 15 விழுக்காடு 900 பேரிடம் கிடைத்தால் இடைவெளி 13க்கும் 17க்கும் நடுவே சுருங்கிவிடும். அதனால்தான் பல ஆய்வுகள் இந்தியர், மலாய்க்காரர் வீடுகளை மக்கள்தொகை விகிதத்தைவிடக் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கின்றன. 2007 முதல் 2009 வரை நடந்த இந்தியர் கண் ஆய்வு ஒன்றில் 40 வயதைத் தாண்டிய 3,400 பேர் பங்கேற்றார்கள். நம் சமூகத்தைப் பற்றி இன்று தைரியமாகச் சொல்ல முடிகிற பல செய்திகள் அவர்கள் கொடுத்த ஒரு காலைப் பொழுதிலிருந்து வந்தவை.

கடிதத்தில் பெயர் குறித்து அழைத்திருந்தால் அந்த நபர்தான் போக வேண்டும். “எனக்கு வேலை இருக்கிறது, அம்மா வீட்டில்தான் இருக்கிறார், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்” என்பது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் இப்படி நழுவினால் கடைசியில் ஓய்வு பெற்றவர்களின் ஆய்வாக அது முடிந்துவிடும். வார இறுதி நேரம் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேளுங்கள்.

மோசடியோ என்ற சந்தேகம் வரும். இந்த ஊரில் அது நியாயமான சந்தேகம். கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காமல், பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் எண்ணைத் தேடி அழையுங்கள். அப்போதும் உறுத்தினால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799 இருக்கிறது. உண்மையான ஆய்வாளர் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையோ சிங்பாஸ் கடவுச்சொல்லையோ கேட்க மாட்டார், பணம் கட்டவும் சொல்ல மாட்டார்.

ஒப்புதல் படிவம் நீளமாக இருக்கும். முழுதும் படிக்கப் பொறுமை இல்லாவிட்டாலும் மூன்று இடங்களில் நிறுத்திப் படியுங்கள். ரத்த மாதிரியை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், வேறு ஆய்வுக்கும் கொடுப்பார்களா என்பது முதலாவது. சோதனையில் எதிர்பாராத கோளாறு தெரிந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்ற கட்டம் இரண்டாவது. அதில் கை போகிற போக்கில் குறியிடாதீர்கள். மரபணுச் சோதனை உண்டா என்பது மூன்றாவது. “மரபணுவைப் பார்த்தால் காப்புறுதி கிடைக்காமல் போய்விடுமோ” என்ற பயம் நம்மவர்களிடம் அதிகம். 2021 அக்டோபர் முதல் சுகாதார அமைச்சுக்கும் ஆயுள் காப்புறுதிச் சங்கத்துக்கும் இடையே உடன்பாடு ஒன்று நடப்பில் இருக்கிறது. ஆய்வுக்காகச் செய்த மரபணுச் சோதனை முடிவைக் காப்புறுதி நிறுவனம் கேட்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று அது சொல்கிறது. கையெழுத்திட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இனி முந்தின இரவு. எட்டு முதல் பத்து மணி நேரம் வெறும் வயிறு என்றால் தண்ணீர் மட்டும்தான். காலை 8 மணிக்கு ரத்தம் எடுப்பதாக இருந்தால் இரவு 10 மணிக்குள் கடைசி வாய் இறங்கியிருக்க வேண்டும். நம் வீடுகளில் சாப்பாட்டு நேரமே ஒன்பதரை. அதன்பின் ஒரு வாழைப்பழம், படுக்கும்முன் ஒரு டம்ளர் பால். கெடுவது பெரும்பாலும் அந்தப் பாலில்தான். காலையில் சர்க்கரை போடாத கோப்பி ஓ கோசோங்கும் கூடாது. வரும் வழியில் கோயிலில் வாயில் போட்ட கற்கண்டும் கணக்கில் சேரும். சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறு தேதி தருவார்கள். மறைத்தால் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எகிறி நிற்கும், தேவையில்லாத பயமும் மருந்தும் பின்னாலேயே வரும்.

நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து வரிசையிலேயே மயங்கி விழ நேரும். மருந்தைக் கையில் கொண்டுவாருங்கள்; ரத்தம் கொடுத்துச் சாப்பிட்டபின் அதை எப்படி எடுப்பது என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ரத்த அழுத்த மாத்திரையைப் பொதுவாகத் தண்ணீரோடு விழுங்கலாம். ஆய்வுக் குழுவின் தாள் வேறு சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

சில ஆய்வுகளில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை அளவு (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 7.8 முதல் 11.0 வரை வந்தால் இடைநிலை, 11.1லிருந்து நீரிழிவு. இதற்கு முந்தின மூன்று நாளும் வழக்கம்போல் சோறு, இட்லி என்று மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். தைப்பூச விரதத்தில் ஒருவேளை மட்டும் உண்பவர்களும் சோற்றை அடியோடு விட்டு உடல் இளைப்பவர்களும் இந்தச் சோதனைக்குப் போனால், இல்லாத நீரிழிவு இருப்பதுபோலத் தெரியலாம். விரதம் முடிந்து ஒரு வாரம் தள்ளித் தேதி கேளுங்கள்.

ரத்தம் எடுத்தபின் நடப்பது பங்கேற்பாளர் கண்ணில் படாது. தொண்டூழியர்களாகப் போகும் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்து அறை வெப்பத்தில் வைத்த ரத்தத்தில், அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும்; மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குறையும். அதனால்தான் சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய், உள்ளே அதைத் தடுக்கும் ஃபுளோரைடு. அதுவும் போட்ட உடனே முழுதாக வேலை செய்யாது, முதல் ஓரிரு மணி நேரம் சர்க்கரை கொஞ்சம் குறையத்தான் செய்யும். எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும். அடுக்குமாடி வீடுகளின் கீழுள்ள வெற்றுத்தளத்தில் மின்விசிறிக்குக் கீழே மேசை போட்டு நடத்தும் பரிசோதனைகளில், ஐஸ் தீர்ந்துபோவதுதான் அன்றைய வேலையையே கெடுக்கும் விஷயம். பத்து மணிக்குமேல் உருகத் தொடங்கும் என்று கணக்கிட்டு மாற்று ஐஸ் கட்டிகளைத் தயாராக வைப்பது, பதாகை அச்சடிப்பதைவிட முக்கியம்.

ரத்த அழுத்தத்தில் நடக்கும் பிழைகள் தனி ரகம். சட்டைக் கையையோ ரவிக்கைக் கையையோ மேலே சுருட்டிவிட்டால் அதுவே கயிறு கட்டியதுபோல் இறுக்கும். தளர்வான கை வைத்த உடை அணிந்து வாருங்கள். அழுத்தமானியின் பட்டை வெறும் தோலில் சுற்றப்பட வேண்டும். கைச் சுற்றளவு 32 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய பட்டை வேண்டும். சிறிய பட்டையில் அளவு கூடுதலாகக் காட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள். அரை மணிக்குள் கோப்பியும் சிகரெட்டும் கூடாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல், கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து அமர வேண்டும். மூன்று முறை எடுத்துக் கடைசி இரண்டின் சராசரியைப் போடுவது வழக்கம். இத்தனையும் சரியாக அமைந்த பிறகு தொண்டூழியரே பாசத்தோடு “எந்த புளோக், ஆன்ட்டி? பிள்ளைங்க எத்தனை பேர்?” என்று ஆரம்பித்துவிடுவார். பேசினாலே மேல் எண் ஏறும். குசலத்தைப் பட்டை கழற்றியபின் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: ஊசி குத்தியவுடனே அழுத்தம் பார்ப்பது தவறு. அழுத்தம் முதலில், ரத்தம் பிறகு.

உயரமும் இடுப்பும் எளிது என்று நினைத்துப் புதியவர்களிடம் விடுகிறார்கள். 160 சென்டிமீட்டர் உயரம், 60 கிலோ எடை உள்ள பெண்ணுக்கு உடல் எடைக் குறியீடு 23.4. கொண்டையால் உயரம் இரண்டு சென்டிமீட்டர் கூடினால் அது 22.9. சிங்கப்பூரில் அபாயம் தொடங்கும் கோடு 23. கொண்டையும் தலையில் வைத்த மல்லிகையும் சேர்ந்து ஒருவரை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளிவிடும். கொண்டையைப் பின்கழுத்துக்கு இறக்கச் சொல்லுங்கள், அல்லது பின்னல் போட்டு வரச் சொல்லிக் கடிதத்திலேயே எழுதுங்கள். நகையைக் கழற்றச் சொல்லி வம்பு வேண்டாம். ஐந்து பவுன் சங்கிலி நாற்பது கிராம்தான். பட்டுப்புடவை ஒரு கிலோ வரை வரும், அதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

இடுப்பளவு எடுக்கும் இடம் தொப்புள் இல்லை, பாவாடை நாடா கட்டும் இடமும் இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் சரிபாதியில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் எடுக்க வேண்டும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. புடவையின் கொசுவத்துக்கு மேலே அளவு நாடாவைச் சுற்றினால் சில சென்டிமீட்டர் கூடிவிடும். மறைப்பும் பெண் தொண்டூழியரும் இல்லாத இடத்தில் இதை ஒழுங்காக எடுக்கவே முடியாது. அப்படி எடுத்த எண்ணை எழுதுவதைவிடக் கட்டத்தைக் காலியாக விடுவதே மேல்.

சாப்பாட்டுக் கேள்விகளுக்கு வருவோம். “நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டால், விருந்தினர் முன் பேசுவதுபோல் கீரையையும் பழத்தையும் முதலில் சொல்லிவிடுகிறோம். மாலை தே தாரிக்கும் கூடவே போன வடையும் விட்டுப்போகும். கேட்பவர் நேரத்தை வைத்துப் பின்தொடர வேண்டும்: எழுந்ததும், வேலைக்குப் போகும் வழியில், பத்து மணிக்கு, படுக்கும்முன். “ஒரு தட்டுச் சோறு” என்பதற்கு அர்த்தமே இல்லை. எத்தனை அகப்பை என்று கேட்டால் பதில் வரும். ரசம், சாம்பார், ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு நம் சாப்பாட்டில் பல வழிகளில் வருவதால் கேள்வித்தாளில் அது சரியாகப் பிடிபடுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளுக்கு 5 கிராம். நாம் அதைத் தாண்டுகிறோமா என்று அறிய 24 மணி நேரச் சிறுநீர்தான் நம்பகமானது. காலை முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு நேரம் குறிக்க வேண்டும். அதன்பின் வருவது எல்லாம் புட்டியில், மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் உட்பட. வெளியே போய் ஒருமுறை தவறவிட்டாலும் உப்பு குறைவாகக் காட்டும். விடுமுறை நாளைத் தேர்ந்தெடுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் தீபாவளி வாரத்திலும் எடுத்த சாப்பாட்டுக் கணக்கு ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது என்பதை ஆய்வுக் குழுவில் இருக்கும் தமிழர் யாராவது முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது.

முடிவுத் தாள் வந்ததும் எச்பிஏ1சி என்ற வரியைப் பாருங்கள்; கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை விழுக்காட்டில் காட்டும் எண் அது. இங்குள்ள வழிகாட்டுதலின்படி 6.0 வரை நீரிழிவு இல்லை, 6.1 முதல் 6.9 வரை வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்த்து உறுதி செய்ய வேண்டும், 7.0லிருந்து நீரிழிவு. இரும்புச்சத்துக் குறைபாடு இருந்தால் இந்த எண் பொய்யாக ஏறலாம்; சோகை உள்ள பெண்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆய்வு முடிவு சிகிச்சை ஆகாது. ஹெல்த்தியர் எஸ்ஜி என்ற தேசியச் சுகாதாரத் திட்டத்தில் நீங்கள் பதிந்த மருந்தகத்துக்கோ பலதுறை மருந்தகத்துக்கோ தாளைக் கொண்டுபோங்கள்.

ஆய்வு செய்தியாகும்போது தலைப்பை நம்பி முடிவெடுக்க வேண்டாம். “ஐம்பது விழுக்காடு அதிகம்” என்பது பத்தாயிரத்தில் நான்கு பேர் ஆறு பேரானதாகவும் இருக்கலாம். யாரிடம் பார்த்தார்கள் என்பதும் முக்கியம். 1993 முதல் 1998 வரை 63,257 பேரைச் சேர்த்த சிங்கப்பூர்ச் சீனர் சுகாதார ஆய்வில், கோப்பி அதிகம் குடிப்பவர்களிடம் நீரிழிவு குறைவாக இருந்தது. பங்கேற்றவர்கள் எல்லாரும் ஹொக்கியன், கான்டனீஸ் பேசும் சீனர்கள். கோப்பிதான் காரணம் என்றும் அதிலிருந்து நேராகச் சொல்லிவிட முடியாது. அதைப் படித்துவிட்டு கெட்டிப்பால் கோப்பியை நாலு தம்ளராக ஏற்றிக்கொள்வதற்கு அந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

ஒரு குறை மிச்சம். தேசிய மக்கள் சுகாதார ஆய்வு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே எண்ணுகிறது. தங்குவிடுதிகளில் இருக்கும் தமிழ் ஊழியர்கள் அதில் வருவதில்லை. 2022 ஏப்ரல் முதல் அவர்களுக்கென்று அடிப்படைச் சிகிச்சைத் திட்டமும் மருத்துவ நிலையங்களும் இருக்கின்றன. அவர்களுக்காக நிகழ்ச்சி நடத்த விரும்பும் பல்கலைக்கழக மாணவர்கள் அந்த நிலையங்களோடு பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவுக்கு வரும் ஒருவரை வெறும் வயிற்றோடு வா என்று சொல்ல முடியாது. எச்பிஏ1சிக்குப் பட்டினி தேவையில்லை, ரத்த அழுத்தத்துக்கும் தேவையில்லை. அந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். எண் கூடுதலாக வந்தவருக்கு எந்த நிலையத்துக்கு, எந்த நேரத்தில் போக வேண்டும் என்று தமிழில் எழுதிய தாளை அங்கேயே கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.