சென்னையில் இருந்தபடியே ஜெர்மனி வேலை: ஆஃபர் வரும் வரை

ஜெர்மனியில் வேலை தேடுகிறேன் என்றதும் ஆபீஸில் எல்லோரும் விசாவைப் பற்றித்தான் கேட்டார்கள். எங்கள் ஐடி துறைக்கு வேலைதான் முதலில், விசா அதன் பின்னால் வரும். 2025இல் ஐடி வேலைக்கு புளூ கார்டு (பட்டதாரிகளுக்கான வேலை, குடியிருப்பு அனுமதி) கிடைக்கத் தேவையான குறைந்தபட்ச சம்பளம் ஆண்டுக்கு 43,759.80 யூரோ. வருடா வருடம் அது மாறும்.

முதலில் பட்டம் செல்லுமா என்று பார்த்தேன். அதற்கு அனபின் என்றொரு ஜெர்மன் அரசுத் தளம் இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் நான் படித்த தனியார் கல்லூரியின் பெயர் அதில் இல்லை. நண்பர்கள் பலர் இந்த இடத்திலேயே மனம் தளர்ந்துவிட்டார்கள். ஆனால் பட்டம் கொடுப்பது அண்ணா பல்கலைக்கழகம். அது 'எச் பிளஸ்' பட்டியலில், அதாவது ஜெர்மனி ஏற்கும் கல்வி நிறுவனங்களின் வரிசையில், இருக்கிறது. சான்றிதழின் தலையில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதைத்தான் தேட வேண்டும். பட்டமே இல்லாத ஐடி ஆட்களுக்கும் 2023 நவம்பரில் புளூ கார்டுக்கு வழி திறந்தது: கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும்.

அடுத்தது நம் ஊர் இனிஷியல். மார்க் ஷீட்டில் 'ஆர்' என்று ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அங்கே எந்தப் படிவத்தைத் தொட்டாலும் குடும்பப் பெயர் கேட்பார்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதே சாலிகிராமம் சேவா மையத்தில் அப்பா பெயரை சர்நேமாகப் போட்டுக்கொண்டேன். கல்யாணமானவர்கள் மனைவி, குழந்தை பாஸ்போர்ட்டையும் அப்போதே சரிபார்த்துவிடுவது நல்லது.

தி.நகரில் ஒரு கன்சல்டன்சி, வேலையும் விசாவும் சேர்த்து வாங்கித் தருகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்டது. அரசிடம் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவரே 30,000 ரூபாய்க்கும் அதற்கான ஜிஎஸ்டிக்கும் மேல் வாங்கக் கூடாது. பதிவு உண்டா என்று இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். இன்டர்வியூவில் நமக்காக யாரும் பேசப்போவதில்லை. அந்தப் பணத்தை நுங்கம்பாக்கம் கோதே இன்ஸ்டிடியூட்டில் ஜெர்மன் வகுப்புக்குக் கட்டலாம்.

இன்டர்வியூக்கள் பெரும்பாலும் மாலை ஐந்தரைக்கு. கோடையில் அங்கே மதியம் இரண்டு மணி. சோழிங்கநல்லூர் ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பி வீட்டில் உட்கார்ந்து பேசுவேன். நான் வேலை செய்த பேமென்ட் சிஸ்டத்தைப் பற்றி ஒருவர் கேட்டார்: "பேமென்ட் டைம் அவுட் ஆகிவிட்டது, கஸ்டமர் மறுபடி அழுத்துகிறார். இரண்டு தடவை பணம் போகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டாய்?" ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கீ (தனி அடையாளக் குறி) உருவாக்கி, அதே கீ திரும்பி வந்தால் பழைய பதிலையே அனுப்பினோம் என்றேன். "அதில் நீ எழுதியது எது?" என்றார். சர்வீஸ் கம்பெனியில் வருடக்கணக்காக 'டீம் செய்தது' என்றே பேசிப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்விதான் கஷ்டம். டேட்டாபேஸ் டேபிள் டிசைனும் மறுபடி முயலும்போது என்ன செய்வது என்ற ரீட்ரை லாஜிக்கும் என்னுடையவை, டெஸ்டிங் இன்னொருவர் செய்தார் என்று பிரித்துச் சொன்னேன். ரெஸ்யூமையும் அன்றிரவே அந்த மாதிரி மாற்றி எழுதினேன். அதற்கப்புறம்தான் அழைப்புகள் இரண்டாம் சுற்றைத் தாண்டின.

இங்கே வேலையை விட 90 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அங்கேயும் மூன்று மாத நோட்டீஸ் சகஜம், காத்திருக்கிறோம் என்றார்கள்.

ஆஃபர் வந்ததும் நான் சம்பளத்துக்கு முன்னால் வீட்டைப் பற்றிக் கேட்டேன். போய் இறங்கியதும் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். வருமான வரி எண் அதன் பிறகுதான் வரும். முதல் சில மாதங்களுக்குப் பதிவு செய்யக்கூடிய தற்காலிக வீட்டை நிறுவனமே எடுத்துத் தரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.