கெடு தாண்டிய கிரய ஒப்பந்தங்கள்

எங்கள் பக்கத்தில் சிவில் வக்கீலாக இருந்தால் கிரய ஒப்பந்த வழக்குகளிலிருந்து தப்பிக்க முடியாது. வீட்டையோ மனையையோ விற்க ஒப்பந்தம் போடுவார்கள், அட்வான்ஸ் கைமாறும், ஆறு மாதம் கெடு. கெடு முடிந்த பிறகு வாங்குபவரிடமிருந்து ஒரு சத்தமும் இருக்காது. இடத்தின் விலை ஏறியதும் நோட்டீஸ் வரும். மூன்று ஆண்டு காலவரம்பு முடியப்போகிற கடைசி வாரத்தில் சப் கோர்ட்டில் பிராது தாக்கலாகும்.

நான் பெரும்பாலும் விற்பவர் தரப்பில்தான் ஆஜராகிறேன். கட்சிக்காரர்கள் கேட்பது ஒரே கேள்வி: "கெடு முடிஞ்சா அக்ரிமென்ட்டும் முடிஞ்சதுதானே சார்?"

அப்படி முடிந்துவிடுவதில்லை. அதன் காரணத்தைத் தேடினால் இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டும். அங்கே பொதுச்சட்ட நீதிமன்றங்கள் கெடு விஷயத்தில் கறாராக இருந்தன. கறார் விதியைவிட நியாயத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன சான்சரி நீதிமன்றம் இளகியது: நிலம் வாங்க ஒப்பந்தம் போட்டவரை, நாள் தவறிவிட்டார் என்பதற்காக மட்டும் தள்ளிவிடக் கூடாது என்றது. நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவும் கெடுவைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அந்தப் பிரிவு ஆங்கிலேய நெறிக்கு மாறானதல்ல என்று 1915இல், ஜாம்ஷெட் கோதாராம் இரானி வழக்கில், அன்று நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. கெடுவே முக்கியம் என்றால் அது சந்தேகத்துக்கு இடமில்லாத வார்த்தைகளில் இருக்க வேண்டும். வெறும் தேதி போதாது.

இத்தனைக்கும் எல்லாவற்றையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தானதுமே வாங்குபவருக்குச் சொத்தில் ஓர் உரிமை பிறந்துவிடுகிறது என்பது ஆங்கிலேய ஈக்விட்டி, அதாவது சான்சரி வளர்த்த நியாய நெறி. நம் 1882 சொத்து மாற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவு அதை ஏற்கவில்லை. விற்பனை ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையும் தராது. அந்தத் துணிச்சல் கெடு விஷயத்தில் இல்லாமல் போனதே என்று பல வாய்தாக்களில் நினைத்திருக்கிறேன்.

அதைத் திருத்தியது ஒரு மதுரை வீடு. 1978 டிசம்பரில் போட்ட ஒப்பந்தம், விலை 60,000 ரூபாய், அட்வான்ஸ் 5,000, கெடு ஆறு மாதம். வாங்குபவர் இரண்டரை ஆண்டுகள் சும்மா இருந்தார். இந்த வித்யாநாதம் எதிர் வைரவன் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்குப் பெரிய பலம்: நிலம், வீடு விற்பனையில் கெடு உயிரானதல்ல என்ற நெறி விலைவாசி அசையாமல் இருந்த காலத்தில் உருவானது, நகரத்துச் சொத்துகளுக்கு அந்த நெறியின் பிடியைத் தளர்த்தியாக வேண்டும். 2011இல் சாரதாமணி கந்தப்பன் வழக்கிலும் இதையே வலியுறுத்தியது. மூன்று ஆண்டு காலவரம்பு இருக்கிறது என்பதற்காக வாங்குபவர் ஓரிரு ஆண்டுகள் காத்திருந்து வழக்குப் போடலாம் என்று அர்த்தமில்லை என்றும் சொன்னது.

குறுக்கு விசாரணையில் நான் நேராக பாஸ்புக்குக்குப் போவேன். கெடு நாளில் மீதிப் பணம் கணக்கில் இருந்ததா? முத்திரைத்தாள் எந்தத் தேதியில் வாங்கினீர்கள்? கிரயம் முடிக்கத் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தேன் என்று பிராதில் எழுதியவர், பாஸ்புக்கின் அந்த மாதத்துப் பக்கத்தைப் புரட்டும்போது தடுமாறுவார். பல வழக்குகள் அந்த இடத்திலேயே திரும்பிவிடும்.

ஆனாலும் சான்சரியின் இளக்கத்தை முழுக்க வெறுக்க என்னால் முடியாது. விலையில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு அந்த வீட்டிலேயே குடியிருக்கும் குடும்பத்துக்காகவும் வாதாடியிருக்கிறேன். பத்து நாள் தாமதத்தைக் காட்டி அவர்களை வெளியேற்றப் பார்த்தார் விற்றவர். அங்கே கெடு என்றால் கெடு என்று நின்றிருந்தால் அநியாயம் நடந்திருக்கும்.

எது நியாயம் என்று வழக்குக்கு வழக்கு பார்க்கும் அந்த விருப்புரிமையும் சான்சரி தந்ததுதான். குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தில் (Specific Relief Act) 2018இல் வந்த திருத்தம் அதைப் பெரிதும் எடுத்துவிட்டது. ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரச் சொல்வது இப்போது நீதிமன்றத்தின் கடமை. இது சிறிய விற்பனையாளர்களுக்கு நல்லதல்ல என்பது என் கருத்து. விலை ஏறியதை நீதிபதியிடம் சொல்லி மனம் கரைக்கும் வழி குறுகிவிட்டது. தயாராக இருந்தாரா என்ற கேள்விதான் மிச்சம்.

அதனால் ஒப்பந்தம் எழுத வருபவர்களிடம் தேதியோடு நிறுத்துவதில்லை. கெடுவே இந்த ஒப்பந்தத்தின் உயிர், அதற்குள் மீதித் தொகையைச் செலுத்தாவிட்டால் ஒப்பந்தம் ரத்து, அட்வான்ஸ் இந்தத் தேதிக்குள் திரும்பத் தரப்படும் என்று எழுதி, இரு தரப்புக்கும் வாசித்துக் காட்டிவிட்டு அப்புறம்தான் கையெழுத்து வாங்குகிறேன்.